ஐஸ் தேநீரும் ‘குளிர்ந்த மண்ணீரலும்’: ஒரு வாசகருக்குப் பதில்

வாசகர் எழுதியது: “எனக்கு வயது 47. சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய குவளை தே பெங் (ஐஸ் போட்ட பால் தேநீர்) குடித்தால் அரை மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைகிறது. இரண்டு மூன்று முறை இளகலாகப் போன பிறகே வலி அடங்குகிறது. காலையில் வீட்டில் குடிக்கும் சூடான பால் கோப்பி ஒன்றும் செய்வதில்லை. சீன நண்பர் ஒருவர் ஒரு சின்சேயிடம், அதாவது சீன மரபு மருத்துவரிடம், அழைத்துச் சென்றார். அவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, மண்ணீரல் பலவீனமாகவும் குளிர்ந்தும் இருக்கிறது என்று சொல்லிக் கறுப்பு உருண்டைகள் கொடுத்தார். பயந்துபோய் ஸ்கேன் எடுத்தேன். மண்ணீரல் நன்றாக இருப்பதாக அறிக்கை வந்தது. யார் சொல்வது சரி? ஐஸை அடியோடு விட்டுவிட வேண்டுமா? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவன் அந்த உருண்டைகளைச் சாப்பிடலாமா?”

அன்புள்ள ஐயா,

ஸ்கேன் அறிக்கையும் சின்சே சொன்னதும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. இரண்டிலும் ‘மண்ணீரல்’ என்ற சொல் இருந்தாலும் அவை வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகின்றன. இதை விளக்க நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் இரைப்பை, குடல் நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பவன். சின்சே அல்லேன். ஆனால் எம்பிபிஎஸ் படித்தது சீனாவில், நான்ஜிங் நகரில். அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கும் சீன மரபு மருத்துவம் ஒரு பாடமாக இருந்தது. அந்தப் பாடத்தை முதலில் அலட்சியமாகவும், பிறகு கொஞ்சம் ஆர்வத்தோடும் படித்தேன். இன்று உங்களைப் போன்றவர்களின் கடிதங்களைப் படிக்கும்போது அது கைகொடுக்கிறது.

சீன மருத்துவத்தில் ‘பி’ என்று ஓர் உறுப்பு உண்டு. மேலை உடற்கூற்று நூல்கள் கிழக்காசிய மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டபோது, இடப்பக்க விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரலுக்கும் அந்தப் பழைய எழுத்தையே வைத்துவிட்டார்கள். குழப்பம் அங்கிருந்து தொடங்குகிறது. மரபு மருத்துவர் ‘பி’ என்று சொல்லும்போது ஒரு தசைக்கட்டியை நினைப்பதில்லை. ஒரு வேலையை நினைக்கிறார். உண்டதையும் குடித்ததையும் சாரமாக மாற்றி உடல் முழுவதற்கும் அனுப்பும் வேலை அது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையான ஹுவாங்தி நேய்ஜிங் என்ற அடிப்படை நூல், உடலை ஓர் அரசாங்கமாக உருவகித்து உறுப்புகளுக்குப் பதவிகளைப் பிரித்துக் கொடுக்கும்போது, இரைப்பைக்கும் ‘பி’க்கும் சேர்த்துத் தானியக் களஞ்சியத்தின் அதிகாரம் என்ற பதவியைக் கொடுக்கிறது. களஞ்சிய அதிகாரி சோம்பிப்போனார் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. உங்கள் மண்ணீரல் ஸ்கேனில் நன்றாகத் தெரிந்தது நல்ல செய்திதான். சின்சே சொன்ன கருத்தை அது மெய்ப்பிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இந்தக் களஞ்சியத்துக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள தொடர்பை வகுப்பில் எங்களுக்கு ஓர் அடுப்புப் படத்தால் விளக்கினார்கள். இரைப்பை ஒரு பானை. அதற்கு அடியில் எரியும் வெப்பத்தின் பெயர் ‘யாங்’. உணவு அந்தப் பானையில் பதமாக வெந்தால்தான் ஆவி மேலே எழும்பி உடலெங்கும் பரவும். கொதிக்கும் பானையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அடுப்பு முதலில் அந்த நீரைச் சூடாக்கவே செலவாகிறது. அடுப்பு வலுவாக இருப்பவருக்கு அது பொருட்டில்லை. ஏற்கெனவே அடுப்பு மங்கலாக இருப்பவருக்கு உணவு வேகாமலே கீழே இறங்கிவிடும். மரபு மருத்துவர் மலத்தைப் பற்றி விசாரிக்கும்போது, செரிக்காத உணவுத் துணுக்குகள் தெரிகின்றனவா என்று விடாமல் கேட்பது இதனால்தான். குளிருக்கு இன்னொரு குணமும் சொல்லப்படுகிறது. அது சுருக்கும். நேய்ஜிங் நூலில் வலியைப் பற்றிய இயல், குளிர் புகுந்தால் உயிராற்றல் சுருங்கும் என்றும், அது சிறுகுடலில் தங்கினால் வயிற்றுவலியும் பேதியும் உண்டாகும் என்றும் சொல்கிறது. பிசைவது போன்ற வலி, அதைத் தொடர்ந்து இளகலாகப் போவது என்று நீங்கள் எழுதிய அதே வரிசை அங்கே இருக்கிறது.

இங்கே பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று உண்டு. சீன மரபில் ‘குளிர்ந்தது’ என்பது இரண்டு பொருளில் வரும். ஒன்று, கையால் தொட்டால் தெரியும் குளிர்ச்சி. மற்றது, பொருளின் இயல்புக் குணம். தர்பூசணி அறை வெப்பத்தில் இருந்தாலும் குளிர்ந்தது. பச்சைப்பயறு குளிர்ச்சியானது. நண்டு மிகக் குளிர்ந்தது என்பதால்தான் ஷாங்காய்ப் பக்கத்தில் இலையுதிர்காலத்து நண்டை இஞ்சி அரிந்து போட்ட வினிகரில் தொட்டு உண்கிறார்கள். இஞ்சி சூடானது, ஐஸ் போட்டாலும் அதன் குணம் மாறாது என்பது அவர்கள் கணக்கு. நம் வீடுகளில் இளநீரையும் வெந்தயத்தையும் ‘குளிர்ச்சி’ என்று சொல்லும்போது நாமும் இந்த இரண்டாம் பொருளில்தான் பேசுகிறோம். அதனால் இந்தக் கருத்து உங்களுக்கு எளிதில் புரியும். ஆனால் இரு மரபுகளின் பட்டியல்களும் ஒன்றல்ல. அம்மா சொன்ன குளிர்ச்சியையும் சின்சே சொன்ன குளிர்ச்சியையும் ஒரே தட்டில் வைத்துவிட வேண்டாம்.

சின்சே நாக்கைப் பார்த்தது ஏதோ மாயம் இல்லை. ‘பி’ பலவீனமாக இருக்கும் நாக்கு சற்று உப்பி, வெளிறி, ஓரங்களில் பல் பதிந்த தடங்களோடு இருக்கும் என்று பாடம் சொல்கிறது. குளிர் சேர்ந்தால் மேலே ஈரமான வெள்ளைப் படிவு இருக்கும். நாடி ஆழத்தில் மெதுவாக ஓடும். நான்ஜிங்கில் எங்கள் ஆசிரியை ஒரு நோயாளியின் வயிற்றைப் பரிசோதித்தது இன்னும் நினைவிருக்கிறது. அவர் விரல் நுனியால் குத்தவில்லை. உள்ளங்கை முழுவதையும் தொப்புளுக்கு மேல் வைத்து மெதுவாக அழுத்திவிட்டு, “இப்படி அழுத்தினால் சுகமாக இருக்கிறதா, கையை எடு என்று தோன்றுகிறதா?” என்று கேட்டார். அந்த அம்மாள் ஆசிரியையின் கையைத் தன் கையால் பிடித்து வைத்துக்கொண்டார். “பார்த்தீர்களா, வெப்பத்தை விரும்புகிறது, அழுத்தத்தை விரும்புகிறது, இது வெறுமையினால், அதாவது ஆற்றல் குறைவால், வந்த குளிர்” என்று ஆசிரியை எங்களிடம் சொன்னார். அடுத்ததாகத் தாகம் எடுக்கிறதா என்று கேட்டார். சுமார் கி.பி. 200 வாக்கில் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ஷாங்ஹான் லுன் நூலில், பேதி இருந்தும் தாகம் இல்லையென்றால் உள்ளே குளிர் இருக்கிறது, அதை வெப்பமூட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்தக் கேள்வி அங்கிருந்து வருகிறது.

இந்த அளவுகோலை வைத்தே உங்கள் கடிதத்தைப் படித்தால், எனக்குச் சின்சேயின் முடிவில் ஒரு சிறு ஐயம் எழுகிறது. மலம் போனதும் வலி அடங்கினால் அங்கே உணவுத் தேக்கமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும், போன பிறகும் வலி தொடர்ந்தால் மனஅழுத்தத்தோடு தொடர்புடைய வேறொரு வகையை நினைக்க வேண்டும் என்பதும் அதே மரபு கற்பிக்கும் வேறுபாடுகள்தாம். விடியற்காலையில் தூக்கத்தை எழுப்பும் பேதி மூன்றாவது வகை. அதற்கு வேறு மருந்து. உங்களுக்கோ தொல்லை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வருகிறது, போனதும் அடங்கிவிடுகிறது. சின்சே நேரில் பார்த்தவர், நான் கடிதத்தில் படிப்பவன் என்பதால் இதை ஐயமாகவே வைக்கிறேன். ஆனால் மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

‘சீனர்கள் ஆதிகாலத்திலிருந்தே வெந்நீர் மட்டும்தான் குடிக்கிறார்கள்’ என்று உங்கள் நண்பர் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். ஹூபேய் மாகாணத்தில் 1978 இல் தோண்டியெடுக்கப்பட்ட, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிற்றரசரின் கல்லறையில், மதுவைக் குளிர்விப்பதற்கென்றே செய்த வெண்கலப் பனிப்பேழை கிடைத்தது. சோங் வம்சத்துத் தலைநகரான கைஃபெங்கில் கோடைக்காலத்தில் தெருவிலேயே பனிக்கட்டிப் பானங்கள் விற்றார்கள். மருத்துவர்கள் அவ்வளவு எச்சரித்ததற்குக் காரணமே மக்கள் அவற்றை ஆசையாகக் குடித்ததுதான் என்று நினைக்கிறேன். அந்த வம்சத்துப் பேரரசர் ஹுய்சோங்கைப் பற்றி மருத்துவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அளவுக்கு மீறிப் பனிக்கட்டி உண்டு அவருக்கு ‘பி’ நோய் வந்தது. அரண்மனை வைத்தியர்கள் கொடுத்த வெப்பமூட்டும் மருந்து எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அழைக்கப்பட்ட யாங் ஜியே என்ற மருத்துவரும் அதே மருந்தையே எழுத, “இதைப் பலமுறை குடித்தாயிற்றே” என்று பேரரசர் அலுத்துக்கொண்டார். “நோய் பனிக்கட்டியால் வந்தது, ஆகவே இந்த மருந்தைப் பனிக்கட்டியை உருக்கிய நீரில் காய்ச்சித் தருகிறேன்” என்றாராம் அந்த மருத்துவர். பேரரசர் குணமடைந்தார் என்று கதை முடிகிறது. அது நடந்ததோ இல்லையோ, குடித்த பொருளை விசாரிக்காமல் மருந்து எழுதக்கூடாது என்ற பாடம் அதில் இருக்கிறது. அதை உங்கள் தே பெங்குக்கும் பொருத்திப் பார்க்கப்போகிறேன்.

வெந்நீர்ப் பழக்கத்தின் மறுபாதி அண்மைக்காலத்தது. 1934 இல் தொடங்கிய புதுவாழ்வு இயக்கமும், அதைவிட மிகப் பரவலாக 1952 இல் தொடங்கிய தேசபக்திச் சுகாதார இயக்கமும், காய்ச்சாத நீரைக் குடிக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் பரப்பின. காலரா, டைஃபாய்டு போன்ற நீர்வழி நோய்கள் பரவிய நாட்டில் அது மிகச் சரியான அறிவுரை. எங்கள் விடுதியின் கீழ்த்தளத்தில் வெந்நீருக்கென்று ஒரு தனியறை இருந்தது. மாலையில் ஆளுக்கொரு வெப்பக்குடுவையோடு வரிசையில் நிற்போம். காய்ச்சலா, மாதவிலக்கு வலியா, பரீட்சைக் கவலையா, எதற்கும் சீன நண்பர்கள் சொன்ன முதல் மருந்து “நிறைய வெந்நீர் குடி” என்பதுதான். கிருமியைக் கொல்லும் வெந்நீரும் ‘யாங்’கைக் காக்கும் வெந்நீரும் ஒரே குடுவையில் கலந்துவிட்டன. இன்று அவற்றைப் பிரித்தறிவது அவர்களுக்கே கடினம்.

இனி, நான் தொழில் செய்யும் மருத்துவம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குளிர்ந்த பானம் இரைப்பையில் நெடுநேரம் குளிராகவே தங்குவதில்லை. 1988 இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், 4 டிகிரி செல்சியஸ் குளிரில் குடித்த பழச்சாறு முதல் சில நிமிடங்களில் மட்டும் இரைப்பையை விட்டு மெதுவாக வெளியேறியது. 20 முதல் 30 நிமிடங்களுக்குள் இரைப்பையின் வெப்பம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு குவளை ஐஸ் நீரால் அடுப்பு அணைந்துவிடாது. ஆனால் எரிச்சல் குடல் நோய் (IBS: குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே வலியும் மலப்போக்கில் மாற்றமும் திரும்பத் திரும்ப வரும் நோய்) உள்ளவர்களின் கதை வேறு. ஷாண்டோங் மாகாண ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட முடிவின்படி, பேதி வகை எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள் குளிர்ந்த நீர் குடித்த பிறகு அவர்களுடைய குடல் முன்னைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே அசௌகரியத்தை உணர்ந்தது. குளிரை உணரும் நரம்பு வாயில்கள் உடலில் இருப்பதைக் கண்டறிந்த ஆராய்ச்சிக்கு 2021 இல் நோபல் பரிசும் கிடைத்தது. குளிர் சிலரது குடலைத் தூண்டுகிறது என்பது மூடநம்பிக்கை இல்லை. எல்லோரது குடலையும் அது கெடுக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. ‘அடுப்பு மங்கியவருக்கு மட்டும்’ என்று சீன மரபு போட்ட நிபந்தனையை இந்த இடத்தில் நான் மதிக்கிறேன். அதைத் திரும்பச் சொல்பவர்கள் பெரும்பாலும் நிபந்தனையை விட்டுவிட்டு விதியை மட்டும் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் கோப்பைக்கு வருகிறேன். காலைக் கோப்பி ஒன்றும் செய்யவில்லை, மதியத் தே பெங் வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் சின்சேயும் அதில் குளிர், சூடு என்ற வேறுபாட்டை மட்டும் கண்டீர்கள். எனக்கு வேறு சிலவும் தெரிகின்றன. காலைக் கோப்பி சிறிய கோப்பை. மதியம் பெரிய குவளை. சூடானதை ஊதி ஊதிக் கால் மணி நேரம் குடிப்போம். ஐஸ் போட்டதை வெயிலில் வந்த தாகத்தில், உறிஞ்சுகுழல் வழியாக இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவோம். காலையில் வயிறு காலியாக இருந்தது. மதியம் சோறும் எண்ணெயும் நிரம்பிய இரைப்பை, பெருங்குடலுக்கு ‘இடம் காலி செய்’ என்று கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இது எல்லோருக்கும் உள்ள இயல்பான அனிச்சைச் செயல். எரிச்சல் குடல் உள்ளவர்களிடம் இது சற்று முரட்டுத்தனமாக நடக்கிறது. இவை போதாவென்று, தே பெங்கில் இறுகிய இனிப்புப் பால் சேர்கிறது. ஐஸ் உருகி நீர்த்துப்போகும் என்பதால் சூடான தேநீரைவிடக் கெட்டியாகவே கலக்கிறார்கள். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வளர்ந்த பின் குறைந்துபோவது தென்னிந்தியர்களிடமும் சீனர்களிடமும் மிகப் பரவலாகக் காணப்படுவது. இப்படிப்பட்டவர்கள்கூட ஒரு வேளையில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு குவளைப் பால் அளவு, பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள். காலைக் கோப்பி ஏன் தொல்லை தருவதில்லை என்பதற்கு இதுவே விடையாக இருக்கலாம். நடுவில் பத்து மணிக்கு மைலோ என்ற பால் பானமும், மதியம் இரண்டாவது தே பெங்கும் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் கணக்கு மாறிவிடும்.

ஆகவே மருந்துக்கு முன்னால் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். மூன்று நாள்களுக்கு மதியச் சாப்பாட்டை மாற்றாமல், தே பெங்குக்குப் பதிலாக அதே குவளை அளவு பால் சேர்க்காத ஐஸ் நீரை, வழக்கமான வேகத்திலேயே குடியுங்கள். அடுத்த மூன்று நாள்களுக்கு அதே தேநீரை, அதே பாலோடு, அதே அளவில், ஐஸ் இல்லாமல் வெதுவெதுப்பாகக் குடியுங்கள். அதற்கடுத்த மூன்று நாள்களுக்குத் தே பெங்கையே குடியுங்கள். ஆனால் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, மெதுவாக. குடித்த நேரம், வயிறு பிசைந்த நேரம், எத்தனை முறை போனது என்று மூன்றை மட்டும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஐஸ் நீர் மட்டுமே தொல்லை தந்தால் சின்சே சொன்ன ‘குளிர்’ உங்கள் குடலுக்குப் பொருந்துகிறது. ஐஸ் நீர் ஒன்றும் செய்யாமல், வெதுவெதுப்பான பால் தேநீர் தொல்லை தந்தால் குற்றவாளி பால். எல்லாமே சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வந்து, நேரத்தைத் தள்ளியதும் நின்றுவிட்டால் சாப்பாட்டின் அளவையும் எண்ணெயையும் பார்க்க வேண்டும். ஒன்பது நாள் போதும். ஐஸை வாழ்நாள் முழுவதும் துறப்பதா என்ற முடிவை அதற்கு முன்னால் எடுக்க வேண்டாம்.

கறுப்பு உருண்டைகளைப் பற்றி இன்னும் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் பெயரை எழுதவில்லை. இத்தகைய குளிர் நோய்க்கு வழக்கமாகக் கொடுப்பது ‘லீஜோங்’ உருண்டை. மேலே சொன்ன ஷாங்ஹான் லுன் நூலில் வரும் மருந்து அது. ஜின்செங், சுக்கு, ‘பாய்ஜு’ என்ற கிழங்கு, வறுத்த அதிமதுரம் ஆகிய நான்கும் சம அளவில் சேர்ந்தது. அந்த நூல் மருந்தை உட்கொள்ளச் சொல்வதோடு நிற்பதில்லை. சற்று நேரம் கழித்துச் சூடான கஞ்சி குடித்து, போர்வையை விலக்காமல் படுத்திருக்கும்படி சொல்கிறது. மருந்தில் பாதி வேலையைக் கஞ்சி செய்திருக்கக்கூடும் என்பது என் சொந்த எண்ணம். உங்களைப் பொறுத்தவரை கவலைக்குரியது அதிமதுரம். அதை வாரக்கணக்கில் தொடர்ந்து உட்கொண்டால் உடலில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறக்கூடும். உங்கள் அழுத்த மாத்திரை சிறுநீர் பெருக்கும் வகையாக இருந்தால் பொட்டாசியம் இன்னும் வேகமாகக் குறையும். கால் தசை பிடிப்பதும், நெஞ்சு படபடப்பதும் அதன் அறிகுறிகள்.

இதே உருண்டையில் ‘ஃபூட்சி’ என்ற ஐந்தாவது பொருளையும் சேர்த்து இன்னொரு வகை விற்கிறார்கள். அது நாவி இனத்தைச் சேர்ந்த கிழங்கு, இயற்கையில் கடும் நஞ்சு. முறையாகப் பதப்படுத்தி, நெடுநேரம் கொதிக்கவைத்த பிறகே அதை மருந்தாகக் கொள்வார்கள். பக்குவம் தவறினால் இதயத் துடிப்பைக் குலைக்கும். உங்கள் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால், உங்கள் அழுத்த மருத்துவரிடம் காட்டும்வரை ஓர் உருண்டைகூடச் சாப்பிட வேண்டாம். சிங்கப்பூரில் மரபு மருத்துவர்களைப் பதிவுசெய்ய 2000 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் சின்சே பதிவுபெற்றவர்தானா என்று பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் எடுக்கும் அழுத்த மாத்திரையின் பெயரை அவரிடம் சொல்லலாம். இவற்றைக் கேட்டால் அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அப்படி எடுத்துக்கொண்டால் அவரை மாற்றிவிடுங்கள். சீனாவுக்குப் போகும் நம்மவர்கள் வயிற்றுப்போக்குக்கு அங்கே வாங்கிக் குடிக்கும் ‘ஹுவோஷியாங் ஜெங்ச்சி’ திரவத்தையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். அதன் ‘ஷுய்’ என்ற திரவ வகையில் 40 முதல் 50 விழுக்காடு சாராயம் இருக்கிறது. சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளோடு அது சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, மயக்கம் வரை போகும். வண்டி ஓட்டுபவர்களும் தொடக்கூடாது.

சமையலறையில் இருப்பதைக் கொண்டு ஏதாவது செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். சீன மரபும் இஞ்சியையும் சுக்கையும் ஒன்றாகக் கருதுவதில்லை. பச்சை இஞ்சி வியர்வையை வரவழைக்கும், குமட்டலை நிறுத்தும். சுக்கு வயிற்றின் நடுவை வெப்பமூட்டும். குளிரால் வரும் வயிற்று வலிக்கு அங்கே ‘லியாங்ஃபூ’ என்ற ஒரு பழைய இணை மருந்து உண்டு. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். அதன் இரண்டு பொருள்களும் நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் சிற்றரத்தையும் கோரைக்கிழங்கும்தான். குவாங்தோங் பகுதியில் வளரும் சிற்றரத்தைக்கு, அங்கிருந்த காவ்லியாங் என்ற பழைய மாவட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்காக நீங்களே இரண்டையும் இடித்துக் குடிக்கத் தொடங்க வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிறு கோப்பைச் சுக்கு வெந்நீர் குடிப்பதில் தவறில்லை. நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் தவிருங்கள். சின்சே தொப்புளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் மாசிப்பத்திரித் திரியைப் புகைத்து வெப்பம் காட்ட முன்வந்தால், சூடு படாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு ஒப்புக்கொள்ளலாம். வயிற்றில் இதமான வெப்பம் பிடிப்பைத் தளர்த்தும் என்பதை நானும் ஏற்கிறேன். வெந்நீர்ப் பையும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் என்பது வேறு விஷயம்.

எனக்கு உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. உங்களுக்கு வயது 47. இந்தப் பழக்கம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் தொடங்கியிருக்கிறது. இருபது வயதிலிருந்தே இப்படி என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். நாற்பதுக்கு மேல் மலம் போகும் வழக்கம் புதிதாக மாறினால், அதற்கு ‘குளிர்’ என்றோ ‘எரிச்சல் குடல்’ என்றோ பெயர் வைப்பதற்கு முன்னால் வேறு சிலவற்றை விலக்கியாக வேண்டும். மலத்தில் இரத்தம், முயற்சி செய்யாமலே எடை குறைவு, இரவில் தூக்கத்தை எழுப்பும் பேதி, இரத்தசோகை, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒன்பது நாள் சோதனைக்குக் காத்திருக்காமல் குடல் மருத்துவரைப் பாருங்கள். குளிர்ந்த நீர் குடிக்கும்போது நெஞ்சுக்குழியில் அடைப்பதுபோலவும், உணவு இறங்காமல் நிற்பதுபோலவும் இருந்தால் அது உணவுக்குழாயின் நோயாக இருக்கலாம். அதையும் தனியாகச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த வயிற்று ஸ்கேன் மண்ணீரலையும் கல்லீரலையும் பித்தப்பையையும் காட்டும். பெருங்குடலின் உட்சுவரைக் காட்டாது. ஆகவே அந்த அறிக்கையை வைத்து ‘வயிறு சரியாக இருக்கிறது’ என்று நினைத்துவிட வேண்டாம். இவை எதுவும் இல்லையென்றாலும், இரத்த அணுக்கள், தைராய்டு, மலத்தில் மறைந்த இரத்தம், குடல் அழற்சி ஆகியவற்றுக்கான எளிய பரிசோதனைகளை உங்கள் பாலிகிளினிக்கில் கேளுங்கள். சிங்கப்பூரில் மலப் பரிசோதனைத் திட்டம் 50 வயதிலிருந்து குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. அறிகுறி இருப்பவர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

சோதனைக் குறிப்புகளையும், உருண்டைப் பெட்டியின் மேலட்டையில் இருக்கும் பொருள்பட்டியலின் படத்தையும், அழுத்த மாத்திரையின் பெயரையும் அனுப்பினால் அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன். அதுவரை தே பெங் வேண்டுமென்றால் பாதிக் குவளை, சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, உறிஞ்சுகுழல் இல்லாமல்.